தையலில் ஈரம் தெரிகிறது, ஆண்டிபயாட்டிக்கை நீட்டிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை, ஊசி எதுவும் பலன் தராததால், பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஆணுறுப்புக்குள் பம்ப் உள்ள இம்ப்ளான்ட் (செயற்கையாக விறைப்பைத் தரும் கருவி; அதை இயக்கும் பம்ப் விதைப்பைக்குள் இருக்கிறது) பொருத்திக்கொண்டேன். வெளியூர் மருத்துவமனை, ஏஜென்ட் ஒருவர் ஏற்பாடு செய்தார். கொடுத்தனுப்பிய ஆண்டிபயாட்டிக் முடிந்துவிட்டது. விதைப்பை இன்னும் கருநீலமாக, வீக்கத்தோடு இருக்கிறது. தையலில் ஓரிடத்தில் லேசான ஈரம். 'பவர்' கூடிய ஆண்டிபயாட்டிக்கை இன்னும் பத்து நாள் போட்டால் தொற்று வராது என்கிறார் மருந்துக் கடைக்காரர். ஏஜென்ட்டும் அதையே சொல்கிறார். போடலாமா? தொற்று வராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? பல் ஒன்றும் வலிக்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்ளலாமா?

பதில்: போடாதீர்கள். உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டரை இன்றே அழையுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அருகில் உள்ள சிறுநீரியல் அறுவை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) நேரில் போய் அந்த ஈரத்தைக் காட்டுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். இம்ப்ளான்ட்டில் தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போதே உள்ளே போய்விடுகிறது. அது வெளியிலிருந்து வரும் பயங்கரக் கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் நம் தோலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமிதான். உடலின் தசையிலோ ரத்தத்திலோ கிருமி இருந்தால் வெள்ளை அணுக்கள் அதைத் தேடிப் போய்க் கொல்லும், மருந்தும் போய்ச் சேரும். ஆனால் சிலிகோன் போன்ற செயற்கைப் பொருளுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் ஒட்டிய கிருமிகள் தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. பாத்திரத்தில் பாசி பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும் இல்லையா, அப்படித்தான். எவ்வளவு 'பவர்' மாத்திரை விழுங்கினாலும் அந்தப் படலத்துக்குள் போதுமான அளவு மருந்து போகாது.

அதனால்தான் தடுப்பு வேலையில் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டரில் முடிந்துவிடுகிறது. தோலைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்வது, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியாக ஆண்டிபயாட்டிக் ஏற்றுவது, கருவி தோலில் படாமல் பொருத்துவது எல்லாம் அங்கே நடப்பவை. 2001 முதல் ஆண்டிபயாட்டிக் பூசிய கருவிகளும் வந்துவிட்டன. இவற்றின் பலனாக, முதல்முறை பொருத்திக்கொள்கிறவர்களில் நூறு பேருக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான் இன்று தொற்றுக்கு ஆளாகிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதிது வைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஆபத்து இதைவிட அதிகம். வீட்டுக்கு வந்த பிறகு நாட்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதால் தொற்று குறைகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. பல டாக்டர்கள் ஒரு வாரம்போலக் கொடுத்தனுப்புகிறார்கள், அது அவர்கள் வழக்கம். கொடுத்ததை முழுதாக முடியுங்கள். நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதோடு சரி.

கடையில் வாங்கி நீங்களாக நீட்டிப்பதில் பலன் இல்லை என்பதோடு கெடுதலும் இருக்கிறது. உள்ளே தொற்று நிஜமாகவே ஆரம்பித்திருந்தால் அந்த மாத்திரை காய்ச்சலையும் சிவப்பையும் சில நாள் அமுக்கிவைக்கும். நன்றாகிவிட்டது என்று நினைப்பீர்கள். படலத்துக்குள் கிருமி இருந்துகொண்டே இருக்கும். கடைசியில் டாக்டரிடம் போய் அவர் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால், மாத்திரையின் மிச்சத்தால் 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட் வரலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் வைத்தியம் செய்ய வேண்டிவரும். இந்தக் கதையோடு வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாத்திரையை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் காயத்தைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. விதைப்பைக்குள் பம்ப் இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

ஏஜென்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவருக்கு உங்கள் பன்னிரண்டாம் நாள் காயத்தில் எந்த அக்கறையும் இருக்க முடியாது. அறுவை சிகிச்சை முடிந்த அன்றே அவர் வேலை முடிந்துவிட்டது. காயத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் "டாக்டரிடம் கேட்டேன், ஒன்றுமில்லையாம்" என்று சொல்லும் பதிலை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்பதே தெரியாது. டாக்டரின் எண்ணையோ அந்தப் பிரிவின் எண்ணையோ நேரடியாக வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். கருவியின் பெயர், மாடல், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கர் அதிலோ தனி அட்டையிலோ ஒட்டியிருக்க வேண்டும். கருவி வரும் பெட்டியோடு அந்த ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்றை எடுத்து ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. இருந்தும் 'ஓய்வு எடுக்கவும், மருந்தைத் தொடரவும்' என்ற இரண்டு வரியோடு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். உடம்புக்குள் ஒரு கருவியை வைத்து அனுப்பும்போது அது என்ன கருவி என்று எழுதிக் கொடுக்காததை மன்னிக்கவே முடியாது. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறு டாக்டர் பார்க்க வேண்டிவந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இப்போது உங்கள் அறிகுறிகளுக்கு வருகிறேன். கருநீல நிறமும் வீக்கமும் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். இரண்டு வாரம் வரைகூட நீடிக்கும். அது கசிந்த ரத்தம் தேங்கியதால் வந்த நிறம். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி வடிந்துவிடும். நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் கேள்வி. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் நீங்களே சொல்லிவிடலாம். வலியும் அப்படித்தான். குறைந்துகொண்டே வந்த வலி திரும்பவும் ஏறினால் அது கெட்ட அறிகுறி.

வீக்கத்தைப் பார்த்துவிட்டு யாராவது "ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சிவிடலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். டாக்டர் பட்டம் பெற்றவரே சொன்னாலும், அவர் இம்ப்ளான்ட் வைத்துப் பழக்கம் இல்லாதவர் என்றால் வேண்டாம். ஊசி முனை உள்ளே இருக்கும் குழாயைக் குத்திவிடலாம், வெளித்தோலில் இருக்கும் கிருமியை நேராகக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். தேங்கிய ரத்தத்தைத் திறந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால் அது தியேட்டரில் நடக்க வேண்டிய வேலை.

அடுத்தது தையலில் ஈரம். நீங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்று புரிகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இங்கே போடுவது பெரும்பாலும் தானாகக் கரையும் தையல். அது கரையும் காலத்தில் சில நேரம் ஒரு முடிச்சின் நுனி தோலுக்கு வெளியே தள்ளப்படும், அந்த இடத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஈரம் கசியும். இது தோல் மட்டத்துப் பிரச்சினை. கருவிக்குச் சம்பந்தம் இருக்காது. டாக்டர் அந்த நுனியை வெட்டிவிடுவார் அல்லது சும்மா கட்டுப் போட்டு விடுவார், சில நாளில் காய்ந்துவிடும். ஆகவே ஈரம் தெரிந்ததுமே கருவி போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். சுத்தமான காஸ் துணியை அந்த இடத்தில் சில மணி நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். வெளிறிய ரோஜா நிறத்தில், தண்ணீர்போல, பொட்டு அளவுக்குக் கறை, ஒரே இடத்தில்தான், வாடை இல்லை, சுற்றிலும் தோல் சிவக்கவில்லை, சூடாகவில்லை, அடுத்த நாள் கறை இன்னும் சிறியது. இப்படி இருந்தால் அது தையல் சமாச்சாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கறை மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக இருந்தால், நாறினால், துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தால், தையல் பிளந்து உள்ளே ஏதோ பளபளப்பாகத் தெரிந்தால், அது வேறு விஷயம். ஆனால் ஒன்று: முதல் வகையில் சேர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றினாலும் முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். வெளியே பொட்டு ஈரமாகத் தெரிவது உள்ளே இருக்கும் சீழ்ப்பையின் வாயாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்க்காமல் அதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் நேரில் போகச் சொன்னேன். அந்த நுனியை நீங்களாக இழுக்கவோ, பிதுக்கிப் பார்க்கவோ வேண்டாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் (பழைய கணக்கில் 100.4), குளிர் நடுக்கம் வந்தாலும், சிவப்பு பரவினாலும், விதைப்பைத் தோல் பம்ப்பின் மேல் நகராமல் ஒட்டிக்கொண்டாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், இரவு என்றாலும். சாதுவான கிருமிகள் மெதுவாக வேலை செய்பவை. காய்ச்சலே இல்லாமல், இரண்டு மாதம் ஆகியும் தீராத வலி ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டு அவை உள்ளே இருக்கும். தொற்றுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும், சில அதற்கும் பிறகு வரும்.

சீக்கிரம் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், பலருக்குப் பழைய கருவியை முழுதாக எடுத்து, உள்ளே கிருமிநாசினிக் கரைசல்களால் நன்றாகக் கழுவி, அதே அறுவையில் புதிய கருவியை வைத்துவிட முடிகிறது. முற்றவிட்டால் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் உள்ளே தழும்பு இறுகி உறுப்பு சுருங்கும், மறுபடி பொருத்துவதும் கஷ்டமாகும்.

சரி, வீட்டில் உங்கள் கையில் இருப்பது என்ன? முதலாவது சர்க்கரை. காயம் ஆறும் வரை அடிக்கடி பரிசோதித்து எழுதி வையுங்கள். தொடர்ந்து 180க்கு மேல் நின்றால் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள், இன்சுலின் சில வாரம் தேவைப்பட்டால் மறுக்காதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று இரண்டு டாக்டரிடமும் கேளுங்கள். அறுவை டாக்டரும் சர்க்கரை டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை, அந்தச் செய்தியைச் சுமப்பது நோயாளியின் தலையில்தான் விழுகிறது. புகை பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள், காயம் ஆறுவதை அது தடுக்கிறது.

காயத்தைக் கையாளும்போது முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் குளிக்க அனுமதித்திருந்தால் தண்ணீரை மேலே விழவிட்டு, தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தொட்டியில் உட்கார்வதும் நீச்சலும் காயம் முழுதாக மூடி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். தொடை இடுக்கில் வியர்வை தேங்க விடாதீர்கள், உள்ளாடை ஈரமானதும் மாற்றுங்கள். விதைப்பையைத் தாங்கும்படியான பருத்தி உள்ளாடை நல்லது. பவுடர், எண்ணெய், களிம்பு, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து ஆறிவரும் தசையையும் புண்ணாக்கும். 'காயத்தை ஒரே வாரத்தில் ஆற்றும்' என்று விற்கப்படும் எதையும் அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

பம்ப்பை அமுக்கிப் பார்க்கும் ஆசை வரும். நான்கு முதல் ஆறு வாரத்தில் டாக்டர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார், அதுவரை வேண்டாம். உடலுறவும் அதற்குப் பிறகுதான்.

இனி எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், சிறுநீர்க் குழாய் போடப்போகிறார்கள் என்றால், இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவியைத் தளர்த்திவிட்டு, மெல்லிய குழாயைப் பதமாகப் போட வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு, பெரிய குழாய் நாள்கணக்கில் உள்ளே கிடந்தால் சிறுநீர்த் தாரை புண்ணாகி, கருவியே அந்த வழியாக வெளியே எட்டிப் பார்க்கும் நிலை வரலாம். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மயக்கத்தில் இருந்தால் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

பல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடக்கூடிய பல் வேலை என்றால் காயம் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். ஈறு வீங்கி, சீழ் கட்டியிருந்தால் தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள். இம்ப்ளான்ட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு பல் வைத்தியத்துக்கும் முன்னால் ஆண்டிபயாட்டிக் போட வேண்டியதில்லை. பல் டாக்டர் சீழுக்காக ஏதாவது எழுதிக் கொடுத்தால், அதைச் சாப்பிடுவதை அறுவை டாக்டரிடம் தையலைக் காட்டும்போது மறக்காமல் சொல்லுங்கள்.