வீட்டு வேலையா, ஆபீஸ் வேலையா? கேளுங்கள், சொல்கிறேன்

ஒன்பது வருஷம் சென்னை ஆபீஸில் சாப்ட்வேர் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு அம்பாசமுத்திரம் வந்தவன், வீட்டு மச்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆலங்குளம்: அண்ணாச்சி, முதல் வேலை. வீடா ஆபீஸா, நீயே முடிவு செய் என்கிறார்கள்.

ஆபீஸுக்குப் போ தம்பி, இரண்டு வருஷமாவது. பக்கத்து சீட்டுக்காரர் கிளையன்ட்டைப் போனில் எப்படிச் சமாளிக்கிறார் என்பது காதில் விழுந்துதான் பாதி வேலை படியும். வீட்டில் இருந்தால் ஒரு சந்தேகத்தை டைப் அடித்து, அழித்து, திரும்ப அடித்து, 'இதைப் போயா கேட்பது' என்று விட்டுவிடுவாய். என் டீமில் ஒரு பையன் ஒரு சின்னப் பிழையோடு மூன்று நாள் மல்லுக்கட்டினான். ஆபீஸ் என்றால் டீ குடிக்கப் போன இடத்தில் தீர்ந்திருக்கும்.

பாளையங்கோட்டை: மீட்டிங் நடுவில் அத்தை தேங்காய் துருவச் சொல்கிறார்கள். வீட்டில் இருந்தால் சும்மா இருப்பதாகவே நினைப்பு.

பட்டாசலில், அதான் முன்கூடத்தில், உட்கார்ந்தால் அப்படித்தான் தாயி. எங்கள் அம்மாவும் ஒரு நாள், "எய்யா, சும்மாதான இருக்க, கேஸ்காரன் வந்திருக்கான், சிலிண்டர ஒரு கை பிடி" என்று சத்தம் கொடுக்க, மைக் திறந்தே இருந்தது. அன்றைக்குத்தான் மச்சுக்கு மாறினேன். காலையில் குளித்து, பேண்ட் சட்டை போட்டு, கதவைச் சாத்திவிட்டால் மதியம் ஒரு மணிக்குத்தான் இறங்குவேன். சாரத்தோடு (லுங்கியோடு) இருந்த வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் மதிக்கவில்லை, பேண்ட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது! ஆனால் ஆம்பளை எனக்கு இது சுலபம். உங்கள் வீட்டில் அத்தையிடம் பேச வேண்டியது உங்கள் வீட்டுக்காரர். அவர் பேசவில்லை என்றால் யோசிக்காமல் ஆபீஸ் கேளுங்கள்.

கடையம்: கரண்ட், நெட்?

இன்வெர்ட்டர் இருந்தாலும் மோடத்துக்குத் தனியாக ஒரு குட்டி யுபிஎஸ் வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்துவான், அன்றைக்குத்தான் இதன் அருமை தெரியும். பைபர் போனால் சமாளிக்க வேறு கம்பெனி சிம் ஒன்று.

வள்ளியூர்: சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஊருக்கு வரலாமா?

சென்னை வாடகை, மெஸ், மாதம் இரண்டு தடவை நெல்லை எக்ஸ்பிரஸ், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். குறைப்பது அதற்குள் அடங்கினால் வாங்க. ஒன்று, பழைய வருமான வரிமுறையில் இருந்தால், சொந்த வீட்டுக்கு வந்ததும் வாடகைப்படிக்கான (HRA) வரிச்சலுகை போய்விடும்.

களக்காடு: மேனேஜர் ராத்திரி வீடியோ கால் போட்டு அசிங்கமாகப் பேசுகிறார். வீட்டில் இருப்பதால் புகார் எடுபடாதோ?

எடுபடும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டம் வீட்டையும் பணியிடமாகச் சேர்த்தே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

சுரண்டை: சீசனுக்குக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து வேலை பார்க்கலாமே அண்ணாச்சி!

பார்த்திருக்கிறேனே. விடிய ஐந்தருவி, ஒன்பதரைக்கு லாகின். மறுநாள் காய்ச்சல் என்று லீவு கேட்டேன். "வீட்லதான இருக்கீங்க, படுத்துக்கிட்டே பாருங்களேன்" என்றார் மேனேஜர்.