பி.எச். மறுநாளே 8-க்கு ஏறுதா?

சூலூர் போர் தண்ணிக்கு பாஸ்பாரிக் ஆசிட் விட்டு 6-க்கு இறக்கினாலும், மண்ணில்லா லெட்யூஸ் தொட்டியில மறுநாள் 8 காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. பி.எச். 7, 4-ன்னு தெரிஞ்ச சோதனைக் கரைசல்ல (பஃபர்) மீட்டர் சரியா நின்னா, குத்தம் தண்ணியில இருக்கற பைகார்பனேட்தானுங்க. ஆசிட் பட்டு உண்டாகற கரியமில வாயு மெல்ல வெளியேற, பி.எச். ஏறும். அதனால ஆசிட் விட்டு, மீன்தொட்டி ஏர் பம்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில திரும்ப அளங்க. உரம் கரைச்ச பின்னாடி கடைசியா ஒருதரம் 5.8-க்கு வைங்க.

ஆனா ஒண்ணு. காரத்தன்மை, அதாவது இந்த பைகார்பனேட்டோட அளவு, 300 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தா, 100 லிட்டருக்கு 85 சதவீத ஆசிட் 30 மில்லிக்குக் குறையாது. அதுலயே பாஸ்பரஸ் 130 பி.பி.எம். தாண்டிரும். லெட்யூஸுக்கு 50 போதும். ஆசிட் தேவை குறைய, பாதிக்குப் பாதி மழைத்தண்ணி கலந்துக்கறதுதான் சுலபம். மீட்டர் முனையை ஆர்.ஓ. தண்ணியில ஊறப்போடாதீங்க, பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வைங்க.