இளம் டிஃபென்ஸ்மேன்களை நம்பி டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன். பள்ளி ஹாக்கி அணியில் ஃபுல்பேக் ஆடியவன். இப்போது சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறேன். 11 வயது மகனுக்கு சிகாகோவின் ஐஸ் ஹாக்கி அணியான பிளாக்ஹாக்ஸ் என்றால் உயிர். அவனுக்காக நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு வருடமாகப் பாதி சீசன் டிக்கெட் வாங்குகிறேன். பார்த்ததில் முக்கால்வாசி தோல்வி. இருந்த ஒரு பெரிய டிஃபென்ஸ்மேன் செத் ஜோன்ஸையும் 2025 மார்ச்சில் ஃபுளோரிடா அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் அந்த ஜூனிலேயே அங்கே ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டார். இங்கே மிஞ்சியது இருபது வயதுப் பையன்கள். ‘பொறுங்கள், வளர்கிறார்கள்’ என்கிறார்கள். உண்மையிலேயே வளர்கிறார்களா என்று என்னைப் போன்றவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? டிக்கெட்டைப் புதுப்பிக்கவா, விடவா?

பதில்: கோவில்பட்டி ஃபுல்பேக் என்று சொல்லிவிட்டீர்கள், எனக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் அந்தப் பழக்கமே ஒரு இடத்தில் உங்கள் கண்ணை மறைக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், டிக்கெட் கணக்கு பிறகு.

மைதான ஹாக்கியில் பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் ஆட்டம் நிற்கும், ஃபுல்பேக் மூச்சு வாங்குவார். ஐஸ் ஹாக்கியில் கோல் கோட்டுக்குப் பின்னால் இன்னும் 11 அடி பனித்தரை இருக்கிறது. டிஃபென்ஸ்மேனின் பிழைப்பே அந்த 11 அடியில்தான். எதிரணி நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கை (இங்கே பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) ஆழமாக அடித்துவிட்டு ஓடி வரும். நம் ஆள் திரும்பி, முகம் சுற்றுச்சுவர்க் கண்ணாடியைப் பார்க்க, முதுகு மொத்த அரங்கத்தையும் பார்க்க அதை எடுக்கப் போக வேண்டும். பின்னால் 90 கிலோ ஆள் ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். கையில் இருப்பது இரண்டு விநாடி.

நான் இங்கே சனிக்கிழமைகளில் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கைச் சுவரோரமாக உருட்டிவிடுவேன். பிள்ளை அதைத் துரத்திப் போகும்போது நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன், இரண்டோ நான்கோ. பக்கைத் தொடுவதற்கு முன்னால் அந்த எண்ணைக் கத்தியாக வேண்டும். முதல் மாதம் ஒருவரும் கத்த மாட்டார்கள். எல்லோர் கண்ணும் பக்கிலேயே இருக்கும். தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பிப் பார்க்க வராதவன், எவ்வளவு வேகமாக ஓடினாலும் டிஃபென்ஸ்மேன் ஆவதில்லை.

பிளாக்ஹாக்ஸின் சொந்த அரங்கான யுனைடெட் சென்டரில் நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்தக் கழுத்தைத்தான். ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று) முழுக்கப் பக்கை மறந்துவிடுங்கள். இளம் டிஃபென்ஸ்மேன்களான ஆர்த்யோம் லெவ்ஷுனோவையோ சாம் ரின்ஸலையோ மட்டும் பாருங்கள். மூலைக்குப் போகும் வழியில் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்? பக்கை எடுத்த பிறகு முதல் பாஸ் சக வீரரின் ஸ்டிக்கில் போய் உட்காருகிறதா, இல்லை கண்ணாடியோரமாக வெளியே வீசித் தொல்லை விட்டது என்று நிற்கிறாரா? வீசினால் எதிரணி அதை மறுபடி கொண்டுவரும், அவ்வளவுதான். அடுத்து, எதிரணி ஃபார்வேர்டு நம் பாதுகாப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை நெருங்கும்போது இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? ஒரு ஸ்டிக் நீளம் இருந்தால் நல்லது. மூன்று ஸ்டிக் நீளம் விட்டுப் பின்வாங்கிக்கொண்டே போனால் பயப்படுகிறார் என்று அர்த்தம். அக்டோபரில் பார்த்ததையும் மார்ச்சில் பார்ப்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். ஸ்கோர் போர்டு சொல்லாததை அந்தச் சீட்டு சொல்லும்.

இந்தப் பையன்களின் கோல் கணக்கையோ பிளஸ்-மைனஸையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்து வருவது பிளஸ்-மைனஸ். மோசமான அணியில் யாரை நிறுத்தினாலும் அது மைனஸில்தான் போகும். பஃபலோ அணியின் டிஃபென்ஸ்மேன் ராஸ்முஸ் டாலின், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-ல் முதல் தேர்வு. 2020-21-ல் 56 ஆட்டத்தில் மைனஸ் 36 வாங்கினார். அந்த அணி அப்போது தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றது. இன்று அவர் அதே அணிக்குக் கேப்டன், வருடத்துக்கு 1.1 கோடி டாலர் சம்பளம்.

மைனஸ் எண் பொய் சொல்லும் என்பதற்காக, யாரை வேண்டுமானாலும் களத்தில் தூக்கிப் போடலாம் என்றாகாது. கெவின் கோர்ச்சின்ஸ்கியை உங்கள் மகனுக்கு நினைவிருக்கும். 2022-ல் ஏழாவது தேர்வு. அடுத்த வருடம் 19 வயதில் 76 ஆட்டம் ஆடவிட்டார்கள், மைனஸ் 39. இதில் ஒரு விதிச் சிக்கல் உண்டு. கனடா ஜூனியர் லீக்கிலிருந்து வரும் 19 வயதுப் பையனை அப்போது இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்ப முடியாது. பெரிய அணியில் வைத்திரு, இல்லை ஜூனியருக்கே திருப்பி அனுப்பு என்பது அன்றைய விதி. ஜூனியரில் அவனுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, இங்கேயோ அடி தாங்க முடியவில்லை. 2024-25 சீசனில் பெரும்பகுதி அவர் பிளாக்ஹாக்ஸின் இரண்டாம் நிலை அணி இருக்கும் ராக்ஃபோர்டில்தான் ஆடினார். பின்னடைவு என்று பலர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல வருடம் அது.

இதற்குச் சாட்சி தேட வேறு ஊர் போக வேண்டாம், சிகாகோவின் பழைய கணக்கே போதும். டங்கன் கீத்தை 2002-ல் 54-வது ஆளாக எடுத்தார்கள். உடனே மேலே கொண்டுவரவில்லை. இரண்டு முழு சீசன் நார்ஃபோக்கில், இரண்டாம் நிலை லீக்கில் விட்டார்கள். 2005-06-ல் வந்தார், கூடவே பிரென்ட் சீப்ரூக்கும். அதற்குப் பிறகும் அணி மூன்று வருடம் பிளே-ஆஃபை, அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளை, தொடவில்லை. 2007-ல் பேட்ரிக் கேனும் ஜோனதன் டேவ்ஸும் முன்வரிசைக்கு வந்தபோது பின்வரிசை இரண்டு வருடம் அடி வாங்கிப் பக்குவப்பட்டிருந்தது. 2010-ல் கோப்பை, அதே வருடம் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் விருது கீத்துக்கு. டிராஃப்டிலிருந்து எண்ணினால் எட்டு வருடம். 2015 பிளே-ஆஃபில் ஆட்டத்துக்கு 31 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்று மூன்றாவது கோப்பையை வாங்கிக்கொடுத்தவரும் அவரே. ஓர் ஆட்டம் மொத்தமே 60 நிமிடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பின்வரிசை முந்தி வந்தது. இன்று வரிசை தலைகீழ்: முன்வரிசை வீரர் கானர் பெடார்ட் 2023-லேயே வந்துவிட்டார், அவருக்குப் பக்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய கைகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன. 2024-25-ல் 61 புள்ளி, கடைசிக்கு முந்தைய இடம். அதற்கு வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் பெரிய காரணம் இது என்பது என் கணிப்பு.

இனி, மைதான ஹாக்கிக்காரர்கள் தவறவிடும் ஒரு விஷயம். நம் ஊர் ஆட்டத்தில் இடக்கை ஸ்டிக் என்பதே கிடையாது, விதி அனுமதிக்காது. இங்கே உண்டு. இடது பக்கம் ஸ்டிக் பிடிப்பவர் இடது ஓரத்தில் நின்றால், சுவரோரமாகச் சுழன்று வரும் பக் நேராக ஸ்டிக்கின் முன்புறத்தில் வந்து ஒட்டும். அவரையே வலது ஓரத்தில் நிறுத்துங்கள், அதே பக்கைப் புறப்பக்கத்தால் தடுத்து, உடம்பைத் திருப்பி, பிறகுதான் பாஸ் கொடுக்க முடியும். முன்னே சொன்னேனே இரண்டு விநாடி, அதில் ஒன்று போச்சு.

பஃபலோ சறுக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. டாலின் முதல் தேர்வு, ஓவன் பவர் 2021-ல் முதல் தேர்வு, பிறகு கொலராடோவிலிருந்து 2019-ன் நான்காவது தேர்வான போவன் பைரம். காகிதத்தில் கனவு. ஆனால் மூவரும் இடது, நான்காவதாக இருந்த சாமுவெல்சனும் இடது. ஓர் ஆட்டத்தில் இறங்குவது ஆறு டிஃபென்ஸ்மேன்கள், மூன்று ஜோடி. நாலு தவில் இருந்து நாதஸ்வரம் இல்லாத கச்சேரி மாதிரி ஆகிவிட்டது. 2025 கோடையில் 27 கோல் அடித்த பீட்டர்காவை யூட்டாவுக்குக் கொடுத்துத்தான், ஜோஷ் டோனோடு மைக்கேல் கெசல்ரிங் என்ற வலது ஆளை வாங்கினார்கள். 2011-க்குப் பிறகு 14 சீசன் பிளே-ஆஃப் இல்லாமல் போன அணி அது. டாலின் வந்த நாளிலிருந்து ஏழு சீசனில் நான்கு பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் வேறு பாடம் சொன்னால் பையன் எதைப் பிடித்துக்கொள்வான்?

சிகாகோ இந்தப் பக்கக் கணக்கில் தேவலாம். விளாசிக், கைசர், கோர்ச்சின்ஸ்கி, டெல் மாஸ்ட்ரோ இடது. லெவ்ஷுனோவும் ரின்ஸலும் வலது. ஆறடி ஆறங்குல விளாசிக்கை 46 லட்சம் டாலர் வீதம் ஆறு வருடத்துக்குக் கட்டிப்போட்டது கெட்டிக்காரத்தனம். 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் மூன்று தேர்வையும் ஃபார்வேர்டுகளுக்கே செலவழித்தார்கள், அதுவும் சரி; பின்வரிசைக்கு இருப்பு போதும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஜோன்ஸ் வியாபாரத்திலும் உங்கள் கோபத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. ஜோன்ஸுக்கு அப்போது 30 வயது, 2030 வரை வருடம் 95 லட்சம் டாலர். அதில் 25 லட்சத்தை இன்னமும் சிகாகோதான் சுமக்கிறது என்பது வலிக்கும். பதிலுக்கு வந்த ஸ்பென்சர் நைட் அப்போது 23 வயதே ஆன கோலி (கோல்கீப்பர்). இளம் டிஃபென்ஸ்மேன் தவறு செய்யத்தான் செய்வான். பின்னால் நல்ல கோலி இருந்தால் அந்தத் தவறு அவனுக்குப் பாடமாகும், இல்லாவிட்டால் ஸ்கோர் போர்டில் ஏறும்.

எனக்குக் கவலை வேறிடத்தில். முப்பதைத் தாண்டிய, இந்த லீக்கை நன்கு அறிந்த டிஃபென்ஸ்மேன் என்று 2025 கோடையில் கானர் மர்ஃபி ஒருவர்தான் இருந்தார். கொலராடோவைப் பாருங்கள். 2016-17-ல் 48 புள்ளியோடு கடைசி இடம். டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று போடும் குலுக்கலிலும் தோற்று நான்காவது தேர்வுக்கு இறங்கினார்கள். அதில் கிடைத்தவர் கேல் மக்கார். அவரை இரண்டு வருடம் பல்கலைக்கழகத்திலேயே ஆடவிட்டார்கள். பிறகு 2020-ல், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, சம்பள உச்சவரம்புச் சிக்கலில் இருந்த நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து டெவன் டேவ்ஸை வாங்கினார்கள். அப்போது அவருக்கு 26 வயது, சத்தமில்லாத ஆட்டக்காரர், இடது. மக்கார் முன்னேறி ஓடும்போது பின்னால் வீட்டைப் பூட்டிவைத்தவர் அவர். 2022-ல் கோப்பை. மக்கார் பெயர் எல்லோருக்கும் தெரியும். என் கணக்கில் அந்த அணியின் ஆகச் சிறந்த கொள்முதல் டேவ்ஸ்தான். அப்படி ஒருவரை சிகாகோ 2025 கோடை வரை தேடி வாங்கவில்லை. இரண்டு இருபது வயதுக்காரர்களை ஜோடியாக இறக்கினால் இருவருமே மூழ்குவார்கள். எந்த ஆட்டத்துக்குப் போனாலும் லெவ்ஷுனோவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்.

பயிற்சியாளர் விஷயத்தில் ஒரு வரி போதும்: 2024 டிசம்பரில் ரிச்சர்ட்சனை நீக்கினார்கள், சோரன்சன் தற்காலிகமாக வந்தார், 2025-ல் ஜெஃப் பிளாஷில் பொறுப்பேற்றார். இவரை மூன்று வருடமாவது வைத்திருந்தால் சரி.

இப்போது டிக்கெட். பாதி சீசனைப் புதுப்பிக்க வேண்டாம். சொந்த அரங்கில் நாற்பதுக்கு மேல் ஆட்டம், அதில் இருபதை முன்பணம் கட்டிப் பார்க்கும் அளவுக்கு இந்த அணி இன்னும் வரவில்லை. அக்டோபரில் இரண்டு, ஜனவரிக்குப் பிறகு ஐந்தாறு என்று தனித்தனியாக வாங்குங்கள். வார நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடியோர இருக்கைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அங்கிருந்து வேகம் தெரியும், ஆட்டம் தெரியாது. மேலே 300-இல் தொடங்கும் எண்கள் கொண்ட பகுதியில், கோலுக்குப் பின்னால், சிகாகோ முதல் பீரியடில் காக்கும் முனையாகப் பார்த்து எடுங்கள். மூன்றாம் பீரியடிலும் அதே முனைதான். இரண்டு பீரியடும் அந்த 11 அடி உங்கள் காலடியில் இருக்கும்.

மிச்சமாகும் பணத்தில் மகனை ராக்ஃபோர்டுக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம், டிக்கெட்டும் குறைவு. அடுத்து மேலே வரப்போகிறவர்கள் அங்கேதான் அடி வாங்கிக் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு பீரியடுக்கு அவன் ஒருவரை எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய ஆள் அதிக முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். தோற்றவர் பாப்கார்ன் வாங்க வேண்டும்.