உப்புக் காற்றில் நூல் பதம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் நாத்தனாரும் வீட்டில் இரண்டு தறி போட்டு, விற்பனைக்காகப் பருத்தி ஸ்கார்ஃபும் சால்வையும் நெய்யத் தொடங்கியிருக்கிறோம். 2/40 சிட்ட நூல் (இரண்டு இழையை முறுக்கி, வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) வாங்கி, ஆழ்குழாய்த் தண்ணீரிலேயே வேகவைத்துச் சாயம் போடுகிறோம். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த நூல் மறுநாள் காலையில் கையில் பிசுபிசுக்கிறது. நெய்த பிறகு துவைத்தால் சிவப்பு, வெள்ளைக் கரையில் இறங்குகிறது. தண்ணீர் உப்பாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். சாயத் தொட்டியில் நாமே கைநிறைய உப்பு அள்ளிப் போடும்போது, தண்ணீரில் இருக்கும் உப்பு மட்டும் எப்படிக் கெடுக்கும்?
– ஒரு வாசகி, பெரியபட்டினம்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏறுவதற்கு உப்பும், ஏறிய சாயம் நூலோடு பிணைவதற்குச் சலவைச் சோடாவும் தேவை என்பது உண்மை. ஆனால் கரையோரத்து ஆழ்குழாயில் சமையல் உப்பு மட்டும் வருவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. வேகவைக்கும்போது இவை சோப்பை நுரைக்கவிடாமல் திரிதிரியாகத் திரளச்செய்து நூலில் ஒட்டவைக்கின்றன. அந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டு விழுகிறது. சமையல் உப்பின் கெடுதல் அதற்குப் பிறகு, அலசும்போது தொடங்குகிறது. சாயத்தை நூலுக்குள் தள்ளிய அதே உப்பு, பிணையாமல் தங்கிய மிச்சச் சாயத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. ஆகவே உப்புத் தண்ணீரில் ஏழு முறை அலசினாலும் அலசல் நீர் தெளிந்ததுபோலத் தோன்றுமே தவிர, சாயம் உள்ளேதான் இருக்கும். வாங்கியவர் வீட்டு நல்ல தண்ணீரில் முதல் முறை நனைக்கும்போது அது இறங்கும்.

பிசுபிசுப்புக்கும் காரணம் நூலில் தங்கும் இந்த உப்பே. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். மக்னீசிய உப்புக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை. கடற்கரையில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். நூலில் உப்புத் தங்கியிருந்தால் பகலில் எவ்வளவு வெயில் காட்டினாலும் இரவில் அது மறுபடியும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்; கஞ்சி போட்ட பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலாக இருந்தால் இழையோடு இழை ஒட்டி, இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுப்பல்லில் அறுபடும். நான் கடற்கரைக்கு வந்த புதிதில் நெய்த பன்னிரண்டு சால்வைகளைக் கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். குற்றம் அவருடையதும் அல்ல, சாயத்துடையதும் அல்ல. நான் அலசிய தண்ணீருடையது.

ஆகவே நல்ல தண்ணீருக்கு முதலில் வழி செய்துகொள்ளுங்கள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாம். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வரலாம். ஊருணியிலேயே நூலை அலசவோ சாய நீரை அதன் பக்கம் ஊற்றவோ கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தட்டுப்பாடு என்றால், வேகவைப்பதற்கும் சாயத் தொட்டிக்கும் கடைசி இரண்டு அலசலுக்கும் மட்டும் நல்ல நீரை ஒதுக்கிவிட்டு, சாயத்துக்குப் பிந்திய முதல் அலசலை இருக்கும் நீரில் செய்துகொள்ளலாம்.

வேகவைக்கும் முன் ஒவ்வொரு சிட்டத்தையும் நான்கு இடங்களில், 8 என்ற எழுத்தைப்போல இழைகளைப் பிரித்து, தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டின் அடியில் சாயம் புகாமல் வெள்ளை வளையம் விழும். ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர், 30 கிராம் சலவைச் சோடா, சிறிது சோப்பு என்ற அளவில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறும். பருத்தியின் மெழுகும் அழுக்கும் வெளியேறுவதுதான் அந்த நிறம். வெந்து, அலசி, காய்ந்த நூலில் ஒரு சாண் வெட்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடியும் வேகவைக்க வேண்டும். போட்டவுடன் மூழ்கினால் சாயத்துக்குப் பதமாகிவிட்டது. சாயம் போட்ட பிறகு சோப்பு கலந்த கொதிநீரில் கால் மணி நேரம் வைத்து அலசி, ஈர நூலை வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்துங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அலசல் இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

கேள்வி: இரட்டை முறுக்கு நூலுக்குக் கஞ்சி தேவையா? எங்கள் தெருவில் பாவு நீட்டினால் மணல் வந்து ஒட்டுகிறது.
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஒற்றை இழை நூலுக்குக் கஞ்சி இல்லாமல் பாவு நிற்காது. இரட்டை முறுக்கு நூல் தன் முறுக்கினாலேயே தாங்கும். சிலிர்த்து நிற்கும் பஞ்சை அடக்குவதற்கு மெல்லிய கஞ்சி போதும். ஆடிக் காற்றில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி பூசுவதைக் கரையோரத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டுக்குள்ளேயே சிட்டமாக இருக்கும்போது போட்டுவிடலாம். வடித்த அரிசிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, சிட்டத்தை அதில் அமிழ்த்திப் பிசைந்து பிழிந்து, மூங்கிலில் மாட்டி நாலு முறை உதறினால் இழைகள் தனித்தனியாகப் பிரியும். முழுவதும் விறைத்துப்போகும் முன்பே, லேசான ஈரத்தோடு ராட்டையில் சுற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கஞ்சி போட்ட நூலைச் சேர்த்து வைக்காதீர்கள்; பூசணம் பூத்த கறை எதற்கும் போகாது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்குப் பத்து ஸ்கார்ஃப் கேட்டிருக்கிறார்கள். 2/40 நூல் எவ்வளவு வாங்க வேண்டும்? போன முறை பாதியில் நூல் தீர்ந்து, மறுபடி வாங்கிச் சாயம் போட்டதில் நிறம் சேரவில்லை.
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: நூல் நம்பர் என்பதே ஒரு கணக்குதான். 840 கஜம், அதாவது 768 மீட்டர், ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். 2/40 என்பது நாற்பதாம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது; நீளத்தில் இருபதாம் நம்பருக்குச் சமம். கிலோவுக்கு ஏறத்தாழ 33,800 மீட்டர் வரும்.

தறியில் 24 அங்குல அகலம், அங்குலத்துக்கு 40 பாவு இழை என்று வைத்துக்கொண்டால் 960 இழை. 72 அங்குல ஸ்கார்ஃபுக்கு இரு தலைப்பிலும் நான்கு நான்கு அங்குலம் குஞ்சம் விட்டு, நெசவில் சுருங்குவதையும் சேர்த்தால் 2.2 மீட்டர் பாவு வேண்டும். பத்துக்கு 22 மீட்டர். தறியில் வீணாகும் நுனிக்கு இன்னும் ஒரு மீட்டர். 960 இழையை 23 மீட்டரால் பெருக்கினால் 22,080 மீட்டர், அதாவது சுமார் 650 கிராம். குறுக்கே ஓடும் ஊடை இழை அங்குலத்துக்கு 36 என்றால் ஒரு ஸ்கார்ஃபுக்கு 2,592 ஓட்டம், சுமார் 1,580 மீட்டர். பத்துக்கும், தாரில் (ஊடை நூல் சுற்றும் குழலில்) கழியும் நூலுக்கும் சேர்த்து சுமார் 490 கிராம். மொத்தம் 1,140 கிராம் ஆகிறது. 1,250 கிராமாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஒரே நாளில் சாயம் போட்டுவிடுங்கள். மிஞ்சும் நூல் அறுந்த இழையைப் பிணைக்க உதவும். மறுமுறை தொட்டி கலந்து அதே நிறத்தை எட்டுவது என்னாலேயே ஆவதில்லை.

கேள்வி: சாயவேர் கொண்டு சிவப்பு ஏற்ற விரும்புகிறேன். எங்கள் கிணற்று நீர் கடினமானது, அதற்கு ஆகுமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: மேலே நான் திட்டிய சுண்ணாம்புச் சத்து இங்கே உதவிக்கு வருகிறது. இம்பூறல் என்னும் சாயவேரின் சிவப்பு, படிகாரத்தைப் பற்றிக்கொண்டுதான் பருத்தியில் நிற்கும். அந்தப் பிடிப்புக்குச் சுண்ணாம்புச் சத்து துணை செய்வதால், மழைநீரைவிட உங்கள் கிணற்று நீரில் நிறம் தெளிவாக விழக்கூடும். ஆனால் கடினம் வேறு, உப்பு வேறு: நாக்கில் கரித்தால் அந்த நீர் வேண்டாம். நூலை வேகவைத்து, கடுக்காய் நீரிலும் பிறகு படிகார நீரிலும் ஊறவைத்துக் காயவிட்டு, ஒரே ஒரு சிட்டத்தை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். வேரை இடித்துக் குளிர்ந்த நீரில் போட்டு, அடுப்பை மெதுவாக ஏற்றுங்கள். எடுத்தவுடன் கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.