பழைய காருக்கு ட்யூப் டயரா, ட்யூப்லெஸ்ஸா? கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். டயரைப் பற்றி மட்டும் கேட்டவர்களுக்கும் ரிம்மிலிருந்துதான், அதாவது டயர் மாட்டும் உலோக வளையத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். ட்யூப்லெஸ்ஸில் உள்ளே ட்யூப் கிடையாது, டயரும் ரிம்மும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். எதைப் போடலாம் என்பதை முடிவு செய்வது ரிம்தான்.

தேவகோட்டை: அண்ணே, அப்பா காலத்து அம்பாசடர். நைலான் டயர், ட்யூப்போடு ஓடுகிறது. ட்யூப்லெஸ் ரேடியலுக்கு மாறலாமா?

நைலான் டயரில் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும், ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும்; அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் டயரைக் கழற்றிவிட்டு, டயரின் கம்பி விளிம்பு வந்து உட்காரும் இடத்தில் ரிம்மைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள் தம்பி. உள்பக்கமாக ஒரு சின்ன மேடு வட்டம் முழுக்கத் தட்டுப்பட வேண்டும். காற்று குறைந்திருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் டயரின் விளிம்பு நழுவி ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழாமல் பிடித்து வைப்பது அந்த மேடுதான். அது இல்லையென்றால் ட்யூப்லெஸ்ஸாக ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். மேடு இருந்தாலும், ரிம்மும் நடுத்தட்டும் ரிவெட் அடித்துச் சேர்த்ததா என்று பாருங்கள். ரிவெட் வழியாகக் காற்று கசியும். விளிம்பு உட்காரும் இடத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலும் அதே கதைதான், வாரா வாரம் காற்றுப் பிடிக்க வேண்டி வரும். அம்பாசடர் என்றாலே இன்ன ரிம்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றிப் போட்டார்களோ.

அளவு 5.90-15 என்றால் ரேடியலில் 165/80 ஆர் 15 பக்கத்தில் வரும். போடுவதென்றால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் போடுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் ஆகவே ஆகாது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பதும் வேண்டாம், வளைவில் பின்பக்கம் வீசும். இன்னொன்று, நிறுத்துகிற இடத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும்.

புதுவயல்: பத்மினி கார் வைத்திருக்கிறேன். கருவேல முள் குத்திக் குத்தியே பஞ்சர். ட்யூப்லெஸ் என்றால் தப்பிக்கலாமா?

முள் விஷயத்தில் ட்யூப்லெஸ் நல்லதுதான். முள் டயரிலேயே நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும், வீடு வந்து சேரலாம். ட்யூப்பில் ஓட்டை விழுந்தால் காற்று டயருக்கும் ட்யூப்புக்கும் இடையில் பரவி வால்வு ஓட்டை வழியாகச் சட்டென்று போய்விடும். ஆனால் உங்கள் தொல்லைக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து, நுனி மட்டும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் ஒட்டும்போது பழைய வேட்டித் துணியை டயரின் உட்புறம் முழுக்க மெல்ல இழுத்துப் பாருங்கள், முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். அதைப் பிடுங்காமல் எத்தனை ட்யூப் மாற்றினாலும் ஓட்டை விழத்தான் செய்யும்.

கோட்டையூர்: நைட்ரஜன் பிடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், பணம் மிச்சம்.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி: மோட்டார் செட்டில் மாரிஸ் மைனர் கார் பல வருடமாக நிற்கிறது. டயர் புதுசு மாதிரியே இருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு எடுக்கலாமா?

ஆச்சி, பட்டன் தேயாமல் இருந்தால் டயர் புதுசு என்று ஆகிவிடாது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2312 என்றால் 2012-இல் 23-ஆவது வாரம் செய்தது. மூன்றே எண்கள் இருந்தால் 2000-த்துக்கு முன்னால் செய்தது, ஊர்வலத்துக்குக்கூட வேண்டாம். பத்து வருடம் தாண்டிய எந்த டயரிலும் ஆளை ஏற்றாதீர்கள். புது டயர் போட்ட பிறகு, வண்டி நிற்கும் மாதங்களில் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டயர் அங்கே தட்டையாகிவிடும்.

பள்ளத்தூர்: ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவரை ஒன்றும் தெரியாது. மே மாத மதியத்தில் திருச்சி ரோட்டில் நாலு பேரோடு ஓட்டுங்கள், அப்போது தெரியும். சில ட்யூப்லெஸ் டயர்களின் உட்புறம் வரிவரியாக இருக்கும், ட்யூப் அதில் உரசிச் சூடாகி நைந்துபோகும்.

மறுபடியும் பள்ளத்தூர்: வெளிநாட்டில் ஸ்போக் சக்கரத்துக்கு அப்படித்தானே போடுகிறார்கள்?

ஆமாம், போடுகிறார்கள், அது சரியும்கூட. பழைய வகைச் சக்கரத்தில் ஸ்போக் ஒவ்வொன்றும் ரிம்மைத் துளைத்து வருகிறது, காற்று நிற்காது, ட்யூப் இல்லாமல் வழியில்லை. மேடு இல்லாத ரிம்முக்கும் ட்யூப் வேண்டும்தான். ட்யூப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த ட்யூப் என்பதுதான் கேள்வி. ரேடியல் டயரின் பக்கவாட்டு அதிகம் வளைந்து கொடுக்கும், அதனால் ரேடியலுக்கென்று குறித்த ட்யூப்பே வேண்டும். பெரிய ட்யூப்பைத் திணித்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பிலேயே கிழியும். சின்னதைப் போட்டால் இழுபட்டு மெலியும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டை உரித்து, உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, டால்க் பவுடர் தூவி, ஸ்போக் முனைகளுக்கு மேல் பட்டை சுற்றி அப்புறம் போடுங்கள். உங்களுடையது என்ன அளவு ட்யூப் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மீண்டும் பள்ளத்தூர்: கடையில் இருந்ததைப் போட்டார்கள்.

இந்த வாரமே கழற்றிப் பாருங்கள். டயர் அளவும் ட்யூப்பில் அச்சிட்ட அளவும் பொருந்தாவிட்டால் மாற்றிவிடுங்கள். வண்டியில் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

செக்காலை: நைட்ரஜன்…

மேலே சொல்லிவிட்டேன்.

திருப்பத்தூர்: பழைய ஜீப், இரண்டு பாதியாகப் போல்ட் போட்ட ரிம். ட்யூப்லெஸ் ஆகுமா?

ஆகாது, நடுவிலேயே காற்று போகும். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டில் கைவைக்காதீர்கள், ரிம் பிளந்து அடித்தால் உயிருக்கே ஆபத்து. லாரி டயர் கடையில், அந்த ரிம் பழகியவரிடமே கொடுங்கள்.

குன்றக்குடி: ட்யூப்லெஸ் டயரின் பக்கவாட்டில் ஆணி. பஞ்சர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி செருகினால் போதுமா?

போதாது. பக்கவாட்டில் திரி நிற்காது, டயரை மாற்றுங்கள்.