மார்கழி வாடை, தைப்பனி: வன்னி வீடுகளில் செலவில்லாமல் குளிர் காக்க – கேள்வி பதில்

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வன்னியில் வீட்டுத்திட்ட வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நீண்ட காலம் இருந்தவன் என்பதால் பலர் என்னிடம் குளிர் பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் குளிர் பனிக்கட்டி விழுகிற குளிர் இல்லை. வெப்பமானியில் 20 பாகை, 21 பாகை காட்டும் இரவில்தான் நாங்கள் நடுங்குகிறோம். அப்படி நடுங்க வைப்பது ஈரமும் காற்றும். இந்த இரண்டையும் படுக்கையை அண்ட விடாமல் செய்துவிட்டால், வீட்டைச் சூடாக்கவென்று காசு செலவழிக்கத் தேவையே வராது.

தருமபுரத்திலிருந்து ஒரு தாய்: எங்களுடையது தகரக் கூரை வீடு, ஐயா. விடியப்புறம் மூன்று நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் சொட்டுகிறது. மழையும் இல்லை, தகரத்தில் ஓட்டையும் இல்லை. பிள்ளைகளின் போர்வை நனைந்துபோகிறது. தகரத்தை மாற்ற வசதி இல்லை.

பதில்: தகரத்தை மாற்ற வேண்டாம், அம்மா. சொட்டுவது உங்கள் மூச்சுக் காற்றில் இருந்த நீர்தான். நாலு பேர் ஒரு அறையில் படுத்தால் விடிவதற்குள் ஒரு லீற்றருக்குக் கிட்ட நீர், மூச்சாலும் தோலாலும் ஆவியாக வெளியேறும். முகில் இல்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். அந்த ஆவி அதில் பட்டதும் நீராகிறது.

இதற்கு உரப்பைத் தட்டி கட்டுங்கள். வெறும் உரப்பைகளை எடுத்து, உப்புப்போக இரண்டு மூன்று முறை நன்றாக அலசி, வெயிலில் காயப் போடுங்கள். அடித்தையலையும் பக்கத் தையலையும் பிரித்தால் ஒவ்வொன்றும் அகலமான துண்டாக வரும். சாக்கு ஊசியாலும் நைலோன் நூலாலும் ஒன்றோடொன்று இரண்டு விரல் மேவுகிற மாதிரித் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு கைமரங்களில் கயிறு கட்டி, தகரத்திலிருந்து ஒரு சாண் கீழே இழுத்துக் கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டக் கட்டினால் பலனில்லை, இடையில் நிற்கும் அந்தக் காற்றுத்தான் குளிரை மறிக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும். அப்போது சொட்டுகிற நீர் பாயில் விழாமல் சுவர்ப் பக்கம் ஓடிவிடும்.

கிடுகு கிடைத்தால் அதைத் தகரத்துக்கு மேலே போட்டுக் கட்டுவது இன்னும் நல்லது. தகரம் வானத்தைப் பார்க்காது, அதனால் குளிரவும் மாட்டாது. சித்திரை வெயிலுக்கும் அதே கிடுகு உதவும். ஆனால் அடுப்படிக்கு மேலே கிடுகும் வேண்டாம், உரப்பையும் வேண்டாம். உரப்பைத் தட்டிக்குக் கீழே குப்பிவிளக்கு வைக்கவே கூடாது.

அதே தாய்: தட்டி கட்டினால் காற்றே வராமல் போகாதா?

பதில்: போகாது. முகட்டு ஓரத்தில் இரு பக்கமும் கையகல இடைவெளி விடுங்கள். ஆவி அதன் வழியே வெளியேறட்டும்.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டின ஓட்டு வீடு. ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகளால் வாடை நேரே கட்டிலுக்கு வருகிறது. சீமெந்து பூசி அடைத்துவிடலாமா, அண்ணை?

பதில்: பூச வேண்டாம், தம்பி. பங்குனி, சித்திரையில் அந்தத் துளை இல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. வாடை வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத் துளைகளுக்கு மட்டும் காட்போட் மட்டையை அளவாக வெட்டிச் செருகி, மாசி முடிய எடுத்துவிடுங்கள். தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் திறந்தே இருக்கட்டும். எல்லாத் துளையையும் அடைத்த வீட்டில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பும் இருமலும் வரும். கட்டிலையும் வடகிழக்குச் சுவரை விட்டு எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள்.

கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். பழைய சேலைத் துண்டைக் குழாய் போலத் தைத்து, காய்ந்த மணலை நிரப்பிக் கதவடியில் போடுங்கள். காற்றும் வராது. மாரியில் ஈரமில்லாத இடம் தேடி உள்ளே வரும் பாம்பு பூச்சிக்கும் அது ஒரு தடை.

மல்லாவியிலிருந்து ஒருவர்: இரண்டு போர்வை போர்த்தியும் முதுகு குளிர்கிறது. சீமெந்து நிலத்தில் பாயில்தான் படுக்கிறோம்.

பதில்: தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? உங்கள் சூட்டை நிலம் குடிக்கிறது. போர்வையில் ஒன்றை எடுத்து மடித்துப் பாய்க்குக் கீழே விரித்துப் பாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். அதைவிட நல்லது வைக்கோல் மெத்தை. சாக்கில் காய்ந்த வைக்கோலை நாலு விரல் தடிப்புக்கு அடைத்துத் தைத்து, வெயில் எறிக்கிற நாளில் வெளியே போட்டுக் காய வையுங்கள். ஈரம் பட்ட வைக்கோலை வைத்திருக்காதீர்கள், பூஞ்சணம் நெஞ்சுக்குக் கூடாது. வைக்கோல் இல்லையென்றால் கடையில் தூக்கிப் போடுகிற காட்போட் பெட்டிகளைப் பிரித்து மூன்று நாலு அடுக்குப் போடலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா: இரவில் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறோம். ஊமற்கரி என்பதால் புகையே இல்லை. பிழையில்லைத்தானே?

பதில்: அக்கா, இன்றைக்கு இரவே நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். புகை இல்லாததுதான் ஆபத்தே. தணல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு ஓங்காளம், பிறகு நித்திரை. நித்திரையில் இருப்பவருக்குத் தலையிடி கூடத் தெரியாது, எழும்பாமலே போய்விடுவார். கரி, விறகு, ஊமல், பொச்சு எல்லாவற்றிலும் இது வரும். மூடிய அறைக்குள் ஜெனரேற்றர், காஸ் அடுப்பு வைத்தாலும் இதே கதைதான்.

தணல் வேண்டுமென்றால் படுக்கப் போகுமுன் விறாந்தையிலோ திறந்த பத்தியிலோ வைத்துக் கை காலைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து அணைத்து, சட்டியை வெளியே விட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். காலையில் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி என்றால் உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: கடையில் சின்ன ஹீட்டர் ஒன்று பார்த்தேன். 1000 வாட். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். 1000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். இரவில் எட்டு மணித்தியாலம் போட்டால் எட்டு யூனிட், மாதம் 240. எங்கள் வீடுகளில் பலர் மாதம் 60 யூனிட்டைத் தாண்டாமல் இருக்கப் பாடுபடுகிறோம், தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் கூடிவிடும். அதோடு ஓட்டு வீட்டில் சூடு மேலே எழும்பி ஓட்டிடுக்கால் போய்விடும். அந்தக் காசுக்கு நல்ல கம்பளி இரண்டு வாங்குங்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா: காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுட வைத்தே விறகு முடிகிறது.

பதில்: கிணறு இருக்கிறதா? இருந்தால் இரவு வாளியில் நிரப்பி வைப்பதை விடுங்கள். நிலத்தடி நீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும். மார்கழி விடியலில் வெளிக் காற்றைவிட அதுதான் சூடு. அள்ளிய கையோடு வார்த்தால் பெரிய பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீரே தேவைப்படாது. சின்னதுகளுக்கு மட்டும், இரவுச் சமையல் முடிந்ததும் அடங்குகிற தணலில் மூடியோடு ஒரு பானைத் தண்ணீரை ஏற்றி விடுங்கள். தை மாதத்தில் வெயில் நன்றாக எறிக்கும், கறுப்பு பரலில் தண்ணீரை வெயிலில் வைத்துப் பின்னேரம் குளிக்க வார்க்கலாம்.

விறகு ஈரமென்றால் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். அடுத்த வருடம் ஆடி, ஆவணியிலேயே வெட்டி அடுக்கி, மழைக்கு முதல் தறப்பாளால் மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களில் காற்றுப் படட்டும். இந்த வருடத்துக்கு, அன்றன்றைக்கு வேண்டியதை அடுப்புக்கு மேல் பரணில் காய வைத்து, பன்னாடையால் மூட்டுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு இளம் தாய்: பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கை கால் எப்போதும் குளிர்கிறது. சுடுதண்ணிப் போத்தலைப் பக்கத்தில் வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது, மகள். மூடி கசிந்தாலோ தோலில் பட்டாலோ சுட்டுவிடும். கை காலைத் தொட்டுக் குளிரைப் பார்க்காதீர்கள், பச்சைப் பிள்ளைக்கு அது கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். அங்கே இளஞ்சூடு இருந்தால் பிள்ளை நலம். குளிர்ந்திருந்தால் உடுப்பைக் கழற்றி, உங்கள் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள், முகம் மட்டும் திறந்திருக்கட்டும். அதைவிட நல்ல ஹீட்டர் எந்தக் கடையிலும் இல்லை. பிள்ளையின் அப்பாவும் இதைச் செய்யலாம். குளிப்பாட்டுவதை நண்பகலுக்கு வைத்து உடனே துடையுங்கள். சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டாம். நெஞ்சும் குளிர்ந்து, பாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் குடும்பநல உத்தியோகத்தர் வரும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

செட்டிகுளத்திலிருந்து ஒருவர்: அம்மாவுக்குச் சீனி வருத்தம். கால் விறைக்கிறது என்று இரவில் அழுகிறா. அப்பாவோ குளிருக்கு ஒரு கிளாஸ் சாராயம் போதும் என்கிறார்.

பதில்: அம்மாவின் காலுக்குச் சூடு வைக்க வேண்டாம். சீனி வருத்தத்தில் காலில் உணர்வு குறைந்திருந்தால் வெந்துபோனாலும் தெரியாது, அந்தப் புண் ஆறவும் மாட்டாது. தளர்வான காலுறை, தலைக்குத் தொப்பி அல்லது மப்ளர், சூடாகச் சீனி போடாத மல்லித் தண்ணீர். விறைப்பு நரம்பாலும் வரலாம், கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

சாராயம் குடித்தால் தோலில் உள்ள இரத்தக் குழாய் விரிந்து சூடு மாதிரித் தெரியும். உண்மையில் உள்சூடு வெளியேறுகிறது. அப்பாவுக்கு வேர்க்கொம்பு போட்ட கோப்பியைக் கொடுங்கள்.

முத்தையன்கட்டைச் சேர்ந்த ஒரு தங்கை, இப்போது இலண்டனில்: இங்கே காஸ் பில் தாங்க முடியவில்லை. ஹீட்டிங்கை முழுக்க நிறுத்திவிடலாமா? அம்மாவும் வந்து நிற்கிறா.

பதில்: உங்கள் ஊர்க் கணக்கு வேறு, தங்கச்சி. அங்கே வீடு சூடாகத்தான் வேண்டும். அம்மா இருக்கும் அறை 18 பாகைக்குக் கீழே போகக் கூடாது, வயதானவருக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆள் இல்லாத அறைகளில் ரேடியேட்டரைக் குறையுங்கள். கொம்பி பொயிலர் (குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டரையும் சேர்த்துச் சூடாக்குகிற பொயிலர்) என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 பாகை அளவுக்கு இறக்கிப் பாருங்கள், காஸ் மிச்சமாகும். இரவுக்கு மின்கம்பளி நல்லது. 100 வாட் கம்பளி எட்டு மணித்தியாலம் ஓடினாலும் ஒரு யூனிட் வராது. உடுப்பை வீட்டுக்குள் காயப் போட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு பண்ணைக்காரர்: 2022 மார்கழியில் எங்கள் பக்கம் மாடுகள் விறைத்துச் செத்ததை மறக்க முடியவில்லை. பட்டியில் நிற்கிற மாட்டுக்கு என்ன செய்யலாம்?

பதில்: அந்த நாட்கள் எனக்கும் மனதை விட்டுப் போகவில்லை. மாண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது மழையும் குளிர் காற்றும் விடாமல் அடித்து, வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. நனைந்த உடம்பு, மறைப்பில்லாத பட்டி, வெறும் வயிறு. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் எந்த மாடும் தாங்காது, கன்றும் மெலிந்த மாடும் முதலில் விழும்.

கொட்டகை போட முடியாவிட்டால் வடகிழக்குப் பக்கம் மட்டுமாவது ஆள் உயரத்துக்குப் பனைமட்டை வேலியோ தறப்பாளோ அடியுங்கள். பட்டியைத் தாழ்ந்த இடத்திலிருந்து மேட்டுக்கு மாற்றுங்கள், சேற்றில் படுத்த மாடு எழும்பாது. அப்புறம் தீனி. வைக்கோல் மாட்டின் வயிற்றில் புளித்துச் செரிக்கும்போது சூடு உண்டாகிறது. அதனால் பின்னேரம் பட்டிக்கு வந்ததும் வயிறு நிறைய வைக்கோல் போடுங்கள். காலபோகத்துக்கு (மாரி நெல்லுக்கு) முன்பே, சிறுபோக வைக்கோலை எரிக்காமல் போராகக் குவித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மேயப் போன மாட்டை அன்றைக்கே திருப்பிவிடுங்கள். நடுங்கி விழுந்த மாட்டைச் சாக்கால் அழுத்தித் தேய்த்துக் காயவைத்து, கீழே வைக்கோல் பரப்பி, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தம்பி: இரவு யானைக் காவலுக்கு வயலில் கொட்டிலில் இருக்கிறேன். அங்கே எப்படி?

பதில்: தரையில் இருக்காதீர்கள், பரண் போட்டு அதில் வைக்கோல் பரப்புங்கள். மாற்றுச் சாரமும் சேட்டும் ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்து, நனைந்த உடனே மாற்றுங்கள். நெருப்பைக் கொட்டிலுக்கு வெளியே, காற்று உங்களைக் கடந்து நெருப்புக்குப் போகிற பக்கத்தில் மூட்டுங்கள். பிளாஸ்கில் தேநீரும், சப்பப் பனங்கட்டியும் கொண்டுபோங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள், மாறி மாறி நித்திரை கொள்ளலாம்.