பல்பு வாங்கிக் குவிக்க வேண்டாம், பீம் செட்டர் வாங்குங்கள்

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் அருகே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் எச்4 ஆலஜன் பல்புதான் கல்லாவை நிரப்பியது. இப்போது ஒரு மொத்த வியாபாரி, எல்இடி பல்பைப் பெட்டி பெட்டியாக எடுத்தால் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். இன்னும் இரண்டு வருடத்தில் ஆலஜனே இருக்காதாம். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, எடுக்கலாமா? ஏற்காடு போகிறவர்கள் ஃபாக் லைட் மஞ்சள் நல்லதா வெள்ளை நல்லதா என்று வேறு கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: அந்த வியாபாரி சொன்னதில் பாதி சரி. ஆலஜன் மெல்ல விடைபெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரப்போவது அவர் பெட்டியில் வைத்திருக்கும் எல்இடி பல்பு இல்லை. பல்பே இல்லாத டூம் செட், அதாவது லென்ஸும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த முழு ஹெட்லைட் கூடு. இது பிடிபட்டுவிட்டால் பணத்தை எங்கே போடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆலஜன் விளக்கு ஐரோப்பாவில் 1962-இல் எச்1 என்ற பெயரில் வந்தது. டிம், பிரைட் இரண்டுக்குமான இழைகளை ஒரே பல்பில் வைத்த எச்4 வந்தது 1971-இல். நீங்கள் இன்றைக்கும் விற்பது அதைத்தான். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் செனான் வந்தபோதும் ஆலஜன் கதை முடிந்தது என்றுதான் பேசினார்கள். செனான் கொஞ்ச காலம் கோலோச்சியது, புதிய கார்களில் இப்போது அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதை ஓரங்கட்டியது எல்இடி. 2007-இல் லெக்ஸஸ் எல்எஸ் 600எச் காரின் டிம் விளக்கில் நுழைந்தது, அடுத்த வருடமே ஆடி ஆர்8 காரில் முன்விளக்கு முழுவதையும் பிடித்துக்கொண்டது. 2014-இல் பிஎம்டபிள்யூ ஐ8 காரில் லேசர் வந்தது. 600 மீட்டர் வரை பிரைட் அடிக்கும் என்றார்கள். அடித்தது உண்மை, விலையும் அதற்கேற்ப இருந்தது. எல்இடியே அந்த அளவுக்கு முன்னேறியதும் லேசரை நிறுவனமே படிப்படியாகக் கைவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. 600 மீட்டர் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாலையில் என்ன செய்ய?

இப்போது உலகம் போகும் திசை மேட்ரிக்ஸ் விளக்கு. ஒரு பெரிய விளக்குக்குப் பதில் சின்னச் சின்ன எல்இடி பலவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக அணைக்கவும் ஏற்றவும் முடிகிற மாதிரி செய்கிறார்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா எதிரே வரும் வண்டியைப் பார்த்துவிடும். அந்த வண்டி இருக்கிற இடத்துக்குப் போகும் வெளிச்சம் மட்டும் அணையும், மற்ற இடமெல்லாம் பிரைட்டிலேயே இருக்கும். ஓட்டுநர் டிம் அடிக்கவே வேண்டாம். 2013-இல் ஆடி ஏ8 காரில் இதைக் கொண்டுவந்தார்கள். 2023-இல் போர்ஷே கயென் காரில் விளக்கு ஒன்றுக்கு 32,768 ஒளிப்புள்ளிகள் என்ற அளவுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி வரை இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது வேடிக்கை.

இதில் உங்கள் கடைக்குத் தொடர்பான விஷயம் ஒன்றுதான். இந்த விளக்குகள் எதிலும் கழற்றி மாட்ட பல்பு கிடையாது. எல்இடி சில்லு, சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட் சிங்க், மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் எல்லாம் டூமுக்குள்ளேயே அடக்கம். பழுதானால் சர்க்யூட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டூமையே மாற்ற வேண்டும். சில கார்களில் மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் கோடிங்கும் போட வேண்டியிருக்கும். தொழிலில் நடந்த கைமாற்றங்களைப் பார்த்தாலும் இது புரியும். ஆஸ்திரியாவின் இசட்கேடபிள்யூ விளக்கு நிறுவனத்தை 2018-இல் வாங்கியது கொரியாவின் எல்ஜி. பழைய பல்பு ஜாம்பவான் ஆஸ்ராமை 2020-இல் வாங்கியது ஏஎம்எஸ் என்ற சென்சார் சில்லு நிறுவனம். விளக்கு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

அதற்காக இரண்டு வருடத்தில் ஆலஜன் இருக்காது என்பது மிகை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பகல் முழுக்க எரிகிற விளக்குக்கு மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்இடிதான் தோது. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற இருசக்கர வாகனங்கள் சுமார் 1.96 கோடி, பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். எனவே பைக் பல்பு வியாபாரம் வேகமாகத் தேயும், அதில் புதுச் சரக்கு சேர்க்காதீர்கள். காரில் நிலைமை வேறு. விலை குறைந்த மாடல்களில் ஆலஜன் இன்னும் வருகிறது, ஏற்கெனவே ஓடுகிற கார்கள் இன்னும் பத்து வருடமாவது ஓடும். லாரி அதைவிட மெதுவாக மாறும். லாரித் தொழில் ஊர்களான சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கும்போது லாரிக்கான 24 வோல்ட் 75/70 வாட் எச்4 உங்கள் அலமாரியில் இல்லாமல் போகக் கூடாது.

இனி அந்தப் பாதி விலைச் சரக்கு. எச்4 பல்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று இருக்கும். இழையிலிருந்து கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் வெளிச்சம் போகும். அது சாலையில் தாழ்வாக விழும். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெடும். எல்இடி பல்பில் இழை இல்லை, ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும், நடுவில் பட்டையின் தடிமன் இருக்கும். மலிவான சரக்கில் அந்தத் தடிமன் அதிகம். வெளிச்சம் இழையிலிருந்து கிளம்புகிற மாதிரி கிளம்பாது. வண்டிக்கு முன்னால் பத்து அடிக்குப் பளீரென்று விழும், வாடிக்கையாளருக்கும் அதைப் பார்த்து மகிழ்ச்சி. தூரத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும்.

இரவில் கடை ஷட்டருக்கு எதிரே ஒரு காரை நிறுத்தி, ஒரு பக்கம் நல்ல ஆலஜன், மறுபக்கம் அந்த எல்இடி என மாட்டி டிம் போட்டுப் பாருங்கள். ஆலஜன் பக்கம் மேல்விளிம்பு கோடு போட்டது போல வெட்டி நிற்கும், இடது பக்கம் மட்டும் லேசாக மேலே ஏறும். எல்இடி பக்கம் அந்தக் கோடு கலைந்து, ஷட்டரின் மேல் பாதியிலும் வெளிச்சம் ஏறியிருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்றம் இடது பக்கம் இல்லாமல் வலது பக்கம் இருந்தால், அது வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது. ஆன்லைனில் வரும் புரொஜக்டர் லென்ஸ்களில் இந்தக் கோளாறு சகஜம்.

வெயிலையும் யோசியுங்கள். எல்இடியின் சூடு முன்னால் போகாது, பின்பக்கம்தான் இறங்கும். ரப்பர் மூடி போட்டு அடைத்த டூமுக்குள், சேலத்துச் சித்திரை வெயிலில், விரல் அளவு ஃபேன் ஒன்று தூசியோடு சுற்றிக்கொண்டு அதைக் குளிர வைக்க வேண்டும். ஃபேன் நின்றால் வெளிச்சம் இறங்கும், அப்புறம் மினுக்கும், அப்புறம் உங்கள் கடை வாசலில் சண்டை. டிம் போட்டதும் எஃப்எம்மில் கரகரப்பு கேட்கிறது என்று வருகிறவர்களும் இருப்பார்கள், அது டிரைவர் சர்க்யூட்டின் வேலை.

சட்டமும் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டியில் இது கண்ணில் பட்டால் ஓட்டுநர் உங்களைத்தான் தேடி வருவார். ஜெர்மனியில் 2020-இல்தான் ஆஸ்ராமின் ஒரு எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லாக் காருக்கும் இல்லை; இந்த மாடல், இந்த ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்த அனுமதி. பெட்டியில் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று அச்சடித்திருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பணத்தை எதில் போடுவது? வெளிச்சம் பத்தவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் குறை பல்பில் இல்லை. எச்4 டிம் 55 வாட், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கார்கள் பலவற்றில் அத்தனையும் ஸ்டியரிங் சுவிட்ச் வழியாக, மெல்லிய வயரில் போகிறது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மீட்டர் முனைகளைப் பல்பில் வயர் சேரும் கப்ளரின் பின்பக்கம் சொருகிப் பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும், கப்ளரில் 12-ஐத் தொடாது. ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கும். வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் ஆலஜன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். விளக்குக்கான மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேரே போக வைக்கும் ரிலே இரண்டு, ஃபியூஸ், தடித்த வயர், நல்ல பீங்கான் ஹோல்டர் போட்டுக் கொடுங்கள். அதே 60/55 வாட் பல்பு புதுசு மாதிரி எரியும். 100/90 வாட் பல்பைத் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். சட்டத்துக்கும் ஆகாது, ஹோல்டருக்கும் ஆகாது.

அடுத்தது மஞ்சள் பாரித்த டூம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் இருக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு வெயிலில் போன பிறகு லென்ஸ் மங்கும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-இல் சோதித்தபோது, மங்கிய ஹெட்லைட்கள் புதியவை தரும் வெளிச்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் தந்தன. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி பூச்சு கொடுத்தால் மீண்டுவிடும். பூச்சைத் தவிர்த்துவிட்டு வெறும் பாலிஷோடு அனுப்பினால் சில மாதத்தில் பழையபடி ஆகும். பற்பசை வைத்தியத்தை யூடியூப்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் தலைப்பில் சொன்ன பீம் செட்டர், ஹெட்லைட் வெளிச்சம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்துத் திருத்த உதவும் மெஷின். ஹெட்லைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபோகஸ் தப்பினால் வீண். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஹெட்லைட் என மதிப்பிட்ட வண்டிகள், மோசம் என மதிப்பிட்டவற்றைவிட இரவில் தனியாக மோதிக்கொள்ளும் விபத்துகள் 19 சதவீதம் குறைவாகச் சந்தித்தன. அந்த மதிப்பீட்டில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதற்கும் எதிரே வருபவரின் கண் கூசுவதற்கும் பெரிய பங்கு உண்டு. எதிலாவது முட்டி நின்ற காரும், பம்பர் மாற்றிய காரும், இன்சூரன்ஸ் வேலை முடிந்த எல்இடி காரும் எல்லாமே ஃபோகஸுக்கு வர வேண்டியவை. மேட்ரிக்ஸ் யுகம் வந்தாலும் இந்த வேலை போகாது, கூடவே செய்யும். கையால் தள்ளும் சாதாரண மெஷின் உங்கள் தொகைக்குள் அடங்கும். அது வரும்வரை சுவர் போதும். டயரில் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால், டிம்மின் வெட்டுக்கோடு விளக்கின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். இது ஒரு சதவீத இறக்கம், அநேகக் கார்களுக்குப் பொருந்தும். டூமின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே எடுங்கள்.

மிச்சப் பணத்தில் பெயர் பெற்ற ஆலஜன், ரிலே கிட், ஹோல்டர் வாங்கி வையுங்கள். எல்இடியே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கேபின் விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் போதும்.

ஏற்காட்டு விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பழையது. பிரான்சில் 1936 முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான். ஆனால் பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எந்த நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் உறுத்தல் குறைகிறது என்று பல ஓட்டுநர்கள் உணர்வது வேறு விஷயம், அதில் எனக்கு மறுப்பில்லை. மஞ்சள், வெள்ளை இரண்டுமே விதிப்படி சரி. பெட்டியில் 6,500 கெல்வின் என்று நிற அளவு போட்ட, நீலம் பாயும் விளக்கு மட்டும் வேண்டாம். நிறத்தைவிட முக்கியம் எங்கே மாட்டுகிறோம் என்பது. பம்பரின் அடியில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, அகலமாகப் பரவி மேலே வெட்டி நிற்கும் லென்ஸாக இருக்க வேண்டும். கூரைமேல் லைட் பார் போட்டவருக்குக் கோடை விழாக் கூட்டத்தில் திட்டு கிடைக்கும், பனியில் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

அகலமான ஃபாக் லைட்டுக்கு மலையில் இன்னொரு பயனும் உண்டு. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட்லைட் நேரே போய்ப் பள்ளத்தின் மேல் விழும், திரும்ப வேண்டிய பக்கம் இருட்டு. அந்த உட்புற ஓரத்தையும், அங்கே நிற்கக்கூடிய காட்டெருமையையும் காட்டுவது ஃபாக் லைட்தான். குடும்பத்தோடு, பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் ஸ்டியரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்ன உருளையைக் காட்டிக் கொடுங்கள். பின்பாரம் ஏறும்போது ஹெட்லைட் மேலே தூக்கும், உருளையை ஒன்றிரண்டு எண் கூட்டினால் இறங்கும். பாதிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியாது.

வயரிங் செய்யும்போது ஃபாக் லைட்டைப் பிரைட்டோடு இணைக்காதீர்கள். பார்க் லைட் எரிந்தால் மட்டும் உயிர் பெறுகிற மாதிரி தனி ரிலே, தனி சுவிட்ச் வையுங்கள். பனி இறங்கியதும் பிரைட்டை அணைத்துவிட்டு டிம்மும் ஃபாக்கும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடிய வேண்டும்.